சிவப்புக் குடத்தில் வெட்டிய பின்லைட்டு

உங்கள் ஊர்க் குழாயடியில் முதலில் ஆள் வந்து நிற்பாரா, குடம் வந்து நிற்குமா? எங்கள் ஊசிமேட்டில் குடம்தான் முதலில் வரும். தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீருக்கே தெரியாத ஊர் அது, அதனால் அவரவர் குடத்தைக் கொண்டுவந்து குழாய்க்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு, சோறு பொங்குகிறவள் பொங்கப் போவாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள் ஆபீசுக்குப் போவாள், குடங்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் நிற்கும், குடம் நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம், அதை ஒரு சாண் நகர்த்தியவளுடைய தலைமுடி பிறகு அவள் தலையில் இருக்காது. குழாயை ஒட்டின வீடு எங்களுடையது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு எங்கள் சிவப்புக் குடம்தான் முதல் குடம். மழையிலும் முதல் குடம், கோடையிலும் முதல் குடம், ஊரே கோயில் கொடைக்குப் போயிருந்தபோதும் அது மட்டும் முதலாவதாகத் தனியாக நின்றது. அந்தக் குடத்துக்கு உலகத்தில் வேறு எந்த வேலையும் தெரியாது.

இரண்டாவது குடம் எதிர்வீட்டு முத்துக்கனியக்காவின் பச்சைக் குடம்.

"ஏட்டி இசக்கி, உன் குடம் தூங்குமா தூங்காதா?" என்பாள் அக்கா.

"தூங்கும்க்கா. உங்க கொட்டாவிச் சத்தம் கேட்டு முழிச்சிரும்."

"ஒரு நாள் உன் குடத்தை ஆடு மிதிச்சுப் போடும், பாத்துக்கோ."

ஆடு குடத்தை மிதிக்கவில்லை. காரின் பின்லைட்டைத்தான் முட்டியது. எங்கள் ஊரில் இருக்கிற ஒரே கார் எங்களுடையது, பழைய வெள்ளைக் கார், என் வீட்டுக்காரர் தங்கமாரி அதை வாடகைக்கு ஓட்டுகிறார். முத்துக்கனியக்காவின் கிடா ஒரு நாள் காருக்குப் பின்னால் வந்து நின்று, சிவப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, அது பிடிக்காமல், இரண்டு எட்டு பின்னால் போய் ஓடிவந்து ஒரே முட்டு. கண்ணாடி சில்லுச் சில்லாக விழுந்தது, உள்ளே இருந்த பல்பு நசுங்கியது, கிடா திருப்தியாகப் போய்விட்டது.

சாதாரண நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் என் வீட்டுக்காரரின் தங்கச்சி காளீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது. "பிள்ளை பெருசா இருக்கு, வலி கண்டதும் ஒரு நிமிசம் தாமதிக்காம டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும்" என்று நர்சம்மா சொல்லியிருந்தார். டவுனுக்குப் போகிற பைபாஸில் லாரிகள் காற்றைவிட வேகமாகப் போகும். பின்லைட்டு இல்லாத காரில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற மாட்டேன், பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பழைய காருக்கு அந்தக் கண்ணாடி மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார்கள் கடையில், எப்போது என்று கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் மாட்டுறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைத் திறக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும் மோட்டார் நின்றாலும் நான்தான் உட்கார்ந்து கழற்றுவது. ஸ்குரூவைத் திருகி, உடைந்த கூட்டைக் கழற்றினேன், உள்ளே வேட்டாவளியன் குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்தியிருந்தது, அதைச் சுரண்டினேன், பித்தளைக் குழியில் பச்சை பூத்திருந்தது, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தேய்த்தேன், சைக்கிள் கடையில் வாங்கிவந்த புது பல்பை எடுத்தேன். அந்தப் பல்புக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் காது இருக்கும், ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, மாற்றி வைத்தால் உட்காராது, சரியாக வைத்து அமுக்கித் திருப்பினால் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது. மேலே மூடச் சிவப்புக் கண்ணாடிக்கு எங்கே போவது?

அந்த வாரம்தான் எங்கள் சிவப்புக் குடம் அடியில் கீறல் விட்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கத்தியை அடுப்பில் காட்டிப் பழுக்க வைத்து, குடத்தின் வயிற்றிலிருந்து ஒரு துண்டை அளவாக வெட்டி, எம்சீல் பிசைந்து சுற்றிலும் ஒட்டி, காய்ந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். பார்க்கக் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருந்தது. மிச்சமிருந்த அடிப்பாகத்தைக் கோழிக்குத் தவிடு வைக்கக் கொல்லையில் போட்டேன்.

"பிரேக்கை மிதிங்க" என்றேன்.

மிதித்தார். "எரியுதா?"

"எரியுது."

"அப்ப வா, காப்பி போடு."

வர முடியவில்லை என்று சொன்னால் தப்பாகிவிடும், வரத் தோன்றவில்லை. காருக்குப் பின்னால், குடம் குழாய்க்கு முன்னால் நிற்கிற அதே இடைவெளியில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் என் மகள் கனிஷ்கா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் செவலை நாய், நாய்க்குப் பின்னால் அந்த வழியாகக் கீரைக்கூடையோடு வந்த அம்மா, அந்த அம்மாவுக்குப் பின்னால் கூடையிலிருந்த அரைக்கீரையைத் தின்னலாம் என்று வந்த கிடா, கிடாவுக்குப் பின்னால் கிடாவைப் பிடிக்க வந்த முத்துக்கனியக்கா. ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை. நாய்கூட முன்னால் நின்ற பிள்ளையை நக்கவில்லை, தன் முறை வரட்டும் என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் பிரேக்கை விட்டார், லைட்டு அணையவில்லை. சாவியை எடுத்தார், அணையவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினார், பிறகு நான் போய்ப் பல்பையே கழற்றினேன், அப்போதும் அடுப்புக் கங்கு மாதிரி அந்தக் குடத்துண்டு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர்களாகிய எங்களை அது மறிக்கவில்லை, குழாயைத் திறக்கிறவன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை அல்லவா, நானும் என் வீட்டுக்காரரும் மகளும் வேண்டும்போது விலகி வந்தோம்.

"கரண்டு இல்லாம எரியுதே" என்றேன்.

"மின்மினிப்பூச்சிக்கு யாரு கரண்டு குடுத்தா? காப்பியைப் போடு" என்றார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் தெரு வரைக்கும் நின்ற வரிசை, மறுநாள் புளியமரம் வரைக்கும், அதற்கடுத்து அங்கன்வாடி வரைக்கும் போனது. அந்த வெளிச்சம் பட்டவர்கள் விலகி வயலுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம், ஆனால் காரை நோக்கி வர வேண்டும் என்றால் வரிசை வழியாகத்தான் வர முடியும், கால் வேறு வழியில் வராது. விலகிப் போகிறவர்கள் வழக்கம்போலத் தங்கள் இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் வரிசையில் ஆட்களும் நின்றார்கள், குடங்களும் நின்றன, கல்லும், செருப்பும், துண்டும், ஒரு தையல் மெஷினும், வயிற்றில் கன்று இருந்த ஒரு எருமையும் நின்றன. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிவந்து வரிசை ஓரமாகப் போட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பந்தல் போட்டு, "ஊசிமேடு வரிசை தங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார். கொல்லையில் தவிட்டுக்குக் கிடந்த குடத்தின் அடிப்பாகத்துக்கு முன்னால் எங்கள் கோழிகள் மூத்தது முதல் இளையது வரை வரிசையாக நின்று ஒவ்வொன்றாகக் கொத்தின, சேவல் கடைசி. மின்கம்பியில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்ததையும் இதில் சேர்த்துச் சொன்னார்கள், ஆனால் காக்கை முன்னமே அப்படித்தான் உட்காரும், வீணாக எங்கள் லைட்டுக்குப் பெருமை சேர்க்க வேண்டாம்.

எதற்கு இந்த வரிசை என்று யாருக்கும் தெரியவில்லை, அது யாரையும் தொந்தரவு செய்யவும் இல்லை. மினி பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

"எதுக்கண்ணே நிக்கிறீக?"

"தெரியலய்யா. எனக்கு முன்னால இருக்கவரு நிக்காரு."

"குடுத்தா ஆளுக்கு ஒண்ணுதானா?"

"கார்டுக்கு ஒண்ணும்பாங்க. எப்பவும் அப்படித்தானே."

"அப்ப நாங்களும் நிக்கோம்" என்று நின்றார்கள். மாப்பிள்ளை அமையும் என்று நின்றவர்கள் உண்டு, கிணற்றில் தண்ணீர் ஊறும் என்று நின்றவர்கள் உண்டு, வீட்டில் இருந்தால் மாமியார் வேலை சொல்வாள் என்பதற்காக நின்ற ஒரு மருமகளும் உண்டு. முன்னுக்கு வந்து சேர்ந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கையை வெறுமனே விட முடியுமா? ஆளுக்கு ஒரு தம்ளர் நீர்மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு, நேரே போய் மறுபடியும் கடைசியில் நின்றார்கள்.

செங்கல் சூளை முதலாளி ஆவுடையப்பனுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ரேஷன் சர்க்கரையே அவர் வீட்டுக்குத் தேடிப் போகும், பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் நின்றறியாத மனுசன். அப்படி முன்னால் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, நேராக வரிசை ஓரமாகவே நடந்து வந்தார், வந்து சேர்ந்த இடம் வரிசையின் கடைசி. கண்மாய்க் கரை வழியாகச் சுற்றினார், கடைசியில் வந்து நின்றார். புல்லட்டை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் ஓட்டி, எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஏறி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தார். குதித்த சத்தம் அங்கன்வாடிப் பக்கம் கேட்டது. எருமைக்குப் பின்னால் வேட்டியில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தார். போகிறேன், பார்க்கிறேன் என்று கொஞ்ச நேரம் சத்தம் போட்டார், பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார், பிறகு ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கினார்.

"முன்னால ஒரு எருமை நிக்கி, பின்னால ஒரு வாத்தியார் நிக்காரு. ரெண்டு பேரும் எங்கிட்ட எதுவும் கேக்கல" என்று மறுநாள் அவர் சொன்னதாகச் சொன்னார்கள். "இம்புட்டு நிம்மதியா நான் இருந்ததே இல்ல."

அந்த வாரத்திலேயே வரிசை நின்றுபோனது. கலையவில்லை, நகராமல் நின்றது. ஏனென்றால் முத்துக்கனியக்கா முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

மோரை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி."

"அப்ப எதுக்குக்கா நிக்கிறீங்க?"

"நிக்கதுக்குத்தான் நிக்கேன். எனக்கு முன்னால ஒருத்தரும் இல்ல பாத்தியா?" என்று காருக்கும் தனக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினாள். புது வீட்டைக் காட்டுகிறவள் முகம் அப்படித்தான் இருக்கும். "நல்லாக் காத்து வருதுட்டி இங்க."

வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய பச்சைக் குடம் பக்கத்தில் நின்றது. பின்னால் நின்றவர்களும், நகர்ந்தால்தான் வரிசையா, நின்றாலும் வரிசைதானே என்று இருந்துவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் காளீஸ்வரி எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போனாள். முன்வாசல் வழியாக இறங்கிச் சந்துக்குள் புகுந்து போனாள், போகிறவர்களை லைட்டு எப்போதும் தடுத்ததில்லை. அவளும் எங்கள் வீட்டு ஆள்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். எடை பார்த்துவிட்டு எழுந்தவளுக்கு வலி வந்துவிட்டது. அங்கன்வாடி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியவள், வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அதற்கு மேல் ஓர் எட்டு வர முடியவில்லை.

டீச்சர் போன் போட்டார், நானும் என் வீட்டுக்காரரும் ஓடினோம்.

"ஏன் மைனி, நான் உங்க வீட்டு ஆள் இல்லையா?" என்றாள் காளீஸ்வரி. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

என் வீட்டுக்காரர்தான் யோசித்துச் சொன்னார். "கல்யாணம் ஆனதும் உன் பேரை எங்க ரேஷன் கார்டுல இருந்து எடுத்துட்டோமே தாயி. குடம் கார்டைத்தான் பாக்கும்."

"அந்தக் குடத்தைக் கொண்டுபோய்க் கிணத்துல போடுங்க!" என்று கத்திவிட்டு, வலி வந்ததால் டீச்சரின் தோளைக் கடித்தாள்.

ஆம்புலன்சுக்குச் சொன்னோம், அது தள்ளி இன்னோர் ஊரில் இன்னொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. மினி பஸ் அப்போதுதான் போயிருந்தது, இந்தக் குண்டு குழி ரோட்டில் பைக்கில் வைத்துக் கூட்டிப் போக முடியாது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் காரை எடுத்தார், ஊரைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்துவிடலாம் என்று ஓட்டினார். கார் வளைந்தது, காருக்குப் பின்னால் முத்துக்கனியக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வளைந்தாள், அவளுக்குப் பின்னால் கீரைக்கார அம்மாவும் கிடாவும் வாத்தியாரும் எருமையும் எல்லோருமாக, செருப்புகளும் கற்களும்கூட உருண்டு, கண்மாயைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து வந்தார்கள். வாடகைக்கு ஊரைத் தாண்டிப் போகிறபோதுதான் வரிசை இருந்த இடத்திலேயே காத்திருக்கும், ஊருக்குள் சுற்றினால் கூடவே சுற்றும். கார் எங்கே நின்றாலும் காளீஸ்வரி கடைசியாக நின்றாள், திரும்ப வீட்டு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார். லைட்டை உடைத்துவிடுகிறேன் என்று அவர் ஜாக்கி லீவரை எடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். கொல்லையில் கிடக்கிற வெறும் அடிப்பாகத்துக்கே கோழிகள் இன்னும் வரிசையில் நிற்கின்றன, லைட்டை நூறு சில்லாக உடைத்தால் ஊரில் நூறு வரிசை ஆகும், பிள்ளைத்தாய்ச்சி நூறிலும் கடைசியாக நிற்பாள்.

அப்புறம் எனக்கு ஒன்று பட்டது. குழாயடியில் சண்டைதான் நடக்கும் என்றாலும், எப்போதாவது ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தால், "சரி, நீ முந்திப் பிடிச்சுக்கோ" என்று முன்னால் நிற்கிறவள் குடத்தை ஒதுக்குவாள். அப்படி அவளாக ஒதுக்கினால் மற்றக் குடங்கள் அதை ஒத்துக்கொள்ளும். காளீஸ்வரிக்கு நேர் முன்னால் நின்ற சோளக்கதிர் விற்கிறவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இவளை உங்களுக்கு முன்னால விடுவீங்களா?"

"அதுக்கென்னம்மா. முன்னால போ தாயி" என்றார் அவர். காளீஸ்வரியின் கால் ஓர் எட்டு நகர்ந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன், ஒரு கையில் காளீஸ்வரி, மறுகையில் தண்ணீர்ச் செம்பு. இடம் விடுவது வாய்க்கு லேசு, மனசுக்கு லேசில்லை. மாப்பிள்ளைக்காக நின்றவள், "போய்ட்டா என் இடம் பின்னால போகுமே" என்று கண்கலங்கிவிட்டு, அடுத்த வலியைப் பார்த்ததும் விட்டாள். மாமியாருக்குப் பயந்து நின்ற மருமகள், "நானே பின்னாலதான் போகணும்னு நெனச்சேன்" என்று சந்தோஷமாக விட்டாள். வாத்தியார் விட்டார். முதலாளி ஆவுடையப்பன் கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் விட்டுக்குடுத்ததில்லம்மா. என்ன சொல்லணும்?"

"'முன்னால போ தாயி'ன்னு சொல்லணும் முதலாளி."

"முன்னால போ தாயி" என்றார், சொல்லிவிட்டு, நன்றாக இருந்தது போல, இன்னொரு தடவை சொன்னார்.

எருமை தலையை ஆட்டியது, அது ஈக்கு ஆட்டியதா காளீஸ்வரிக்கு ஆட்டியதா என்று தெரியாது, லைட்டு ஒத்துக்கொண்டது. ஒரு செருப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதை வைத்துவிட்டுப் போனவர் சந்தைக்குப் போயிருந்தார். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, செருப்புக்குப் பக்கத்தில் குனிந்து பிடித்தோம்.

"யாரு பேசுறது?" என்றது போன்.

"அண்ணே, உங்க செருப்புக்கிட்டச் சொல்லுங்க, பிள்ளைத்தாய்ச்சியை விடச் சொல்லி."

"எந்தக் கால் செருப்பு?"

"இடது கால்."

"அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நல்லாக் கிட்டக்க வைங்க" என்றவர், சந்தை இரைச்சலுக்கு நடுவில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏலே, பொம்பளைப்பிள்ளை வலியோட நிக்கி, ஒதுங்குலே!" என்று ஓர் அதட்டு அதட்டினார். செருப்பு ஒதுங்கியது. காளீஸ்வரி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள், சிரித்ததில் வலி கூடி, "சிரிப்பு காட்டாதீங்க மைனி, பிள்ளை இங்கனயே விழுந்துரும்" என்று அழுதாள்.

தையல் மெஷின் விட்டது, கற்கள் விட்டன, கீரைக்கார அம்மா விட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கையில் கொடுத்தார். கடைசியாக, அதாவது முதலாவதாக, முத்துக்கனியக்காவின் முதுகு நின்றது. எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாற்காலியை மடக்கிவிட்டு எழுந்து நின்றிருந்தாளே தவிர, திரும்பவில்லை. அவளுக்கு அப்பால் கார், அதன் கதவைத் திறந்து பிடித்தபடி என் வீட்டுக்காரர்.

"எக்கா" என்றேன்.

"கேக்காதட்டி."

"எல்லாரும் விட்டுட்டாங்கக்கா."

"அவங்க விட்டது என்ன இடம்? இருவதாவது இடம், முப்பதாவது இடம். எருமை நின்ன இடம். அதை யாரும் விடலாம். நான் நிக்கது முதல் இடம்லா. இதை விட்டா எனக்கு ரெண்டாவது இடம். ரெண்டாவது இடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ட்டி, உனக்குத் தெரியாது. எனக்கு முன்னால எப்பவும் ஒரு சிவப்பு. விடிஞ்சா சிவப்பு, அடைஞ்சா சிவப்பு. இத்தனை வருசம் கழிச்சு இப்பதான் எனக்கு முன்னால காத்து வருது."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இவள் வலியைப் பார்த்து இடம் விடுகிறவர்களைக் கேட்டு வந்துவிட்டேன், இவளிடம் எதைச் சொல்லிக் கேட்பது? பின்னால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. செவலை நாய் மட்டும் கொட்டாவி விட்டது.

அப்போது அடுத்த வலி வந்தது. காளீஸ்வரி நிற்க முடியாமல், என் கையை உதறிவிட்டு, முன்னால் இருந்த முத்துக்கனியக்காவின் தோளை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே சாய்ந்தாள்.

"தள்ளாதட்டி!" என்றாள் அக்கா. வரிசையில் நிற்கிற எவளும் அதைத்தான் சொல்வாள்.

"தள்ளலைக்கா. பிடிச்சிருக்கேன்."

அக்கா திரும்பினாள். காளீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். நாலு பெற்றவள். கையை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏ சவத்து மூதி, பிள்ளை இறங்கிட்டுல்லாட்டி! இதைச் சொல்லாம முதல் இடம் ரெண்டாவது இடம்னு என்னைப் பேச விட்டுக்கிட்டு நிக்கா, இவ ஒரு மதினியா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், நான் என்னமோ அவளைப் பேசச் சொன்ன மாதிரி. "ஏ தங்கமாரி, வண்டியை எடு! ஏட்டி, முன்னால போ, போ, போ தாயி!"

காளீஸ்வரியின் கால் லேசாகக் காருக்குள் ஏறியது. ஆனால் அவள் பிடித்த பிடியை விடவில்லை. அக்காவின் தோளிலிருந்த கை முழங்கைக்கு வந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்து, அங்கே பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிட்டது. கழற்றப் பார்த்தேன், அசையவில்லை.

"நீங்க வாங்கக்கா" என்றாள் காளீஸ்வரி. "எனக்குப் பயமா இருக்கு. மைனிக்கு இதெல்லாம் மறந்துபோயிருக்கும், பல்பு மாட்டத்தான் தெரியும்."

முத்துக்கனியக்கா ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டு நின்றாள். தரையில் இருந்த இன்னொரு காலையும், அந்தக் கால் நின்ற இடத்தையும், பின்னால் அங்கன்வாடி வரைக்கும் நின்ற வரிசையையும், கீரைக்கார அம்மாவையும் வாத்தியாரையும் எருமையையும் ஒரு முறை பார்த்தாள். எல்லோரும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதலாளிகூட எட்டிப் பார்த்தார். கார் உறுமியது. அக்கா என்னைப் பார்த்தாள், ஊரில் வேறு ஆளே இல்லையா என்று தேடுகிற பார்வை, தேடி இல்லாமல் திரும்பி என்னிடமே வந்த பார்வை. பிறகு என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, தான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள்:

"ஏட்டி இசக்கி, நான் வாற வரைக்கும் என் இடத்தைப் பாத்துக்கோ. எவளையும் உள்ள விட்டுராத."